தெமோதரையில் இறக்கிவிடப்பட்டவர்

என் கை வேகமானது. போன வருடம் வரைக்கும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது அதைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறேன்.

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பாலர் பாடசாலை டீச்சராக இருக்கிறேன். கிழமையில் ஐந்து நாளும் "டீச்சர், இவன் கிள்ளுறான்" என்ற புகாரைத் தீர்த்துவைத்து, யாரையும் அடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஆறாவது நாள் பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போய், எப்படி அடிப்பது என்று படிப்பேன். ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு. வயது முப்பதாகியும் இந்தக் கூத்து தேவையா என்று அம்மா கேட்டார். தேவைதான். பதுளைப் பாதையில் பஸ்ஸில் போய்வரும் பெண்கள் எல்லாருடைய கைப்பையிலும் ஒரு ஊக்கு இருக்கும். எதற்கென்று பெண்களுக்குத் தெரியும். எனக்கு ஊக்கு போதவில்லை, அவ்வளவுதான்.

"ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்று அம்மா பழமொழியை எனக்கு ஏற்றபடி திருத்திச் சொல்வார். சின்ன வயதிலிருந்தே நான் முன்கோபி. வகுப்பில் சேர்ந்த பிறகு அதுவே ஒரு திறமையாகிவிட்டது.

எங்கள் மாஸ்டர் ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர், நாற்பது வயதிருக்கும். முதலில் கராத்தே படித்தவர். பிறகு சீனக் கலைகளில் ஆசை வந்து, கொழும்பில் ஒருவரிடம் பாதியும் ஃபோனில் பார்த்து மீதியுமாகப் படித்தவர். அவருக்கு அடியைவிட அடியின் பெயர்களில்தான் மோகம் அதிகம். புறங்கை முட்டியைச் சுழற்றி எதிராளியின் முகத்தில் விடும் அடி ஒன்று இருக்கிறது. கராத்தேயில் அது உராகென். தென்சீனக் கலைகளில் குவா சொய். தொங்கவிட்ட குத்து என்று பொருள் சொன்னார். கொரியாக்காரர்கள் டுங் ஜுமொக் என்கிறார்கள். எல்லாவற்றையும் வெள்ளைப் பலகையில் தமிழில் எழுதிப்போட்டு எங்களைக் கூட்டாக வாசிக்கவைப்பார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பக்கம் அதற்கு ஒரே பெயர்தான், "பொறங்கையால ஒண்ணு விட்டா". இதைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார், அதையும் பலகையில் எழுதினார்.

வேகத்துக்கும் அவரிடம் சொற்கள் இருந்தன. தோளையும் கையையும் தளர்த்தி வைத்திருந்து, கடைசி நொடியில் உடம்பின் விசை முழுவதையும் வெளியே விடுவதற்குச் சீனத்தில் ஃபா ஜின். அடி போய்ச் சேரும் இடத்தில் உடம்பு ஒரு கணம் இறுகுவதற்குக் கராத்தேயில் கிமே. முடிவெடுப்பது என்று அர்த்தமுள்ள சொல்லிலிருந்து வந்ததாம். இன்னொன்று திங் ஜின். எதிராளியின் கை நம் கையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் எந்தப் பக்கம் தள்ளப் போகிறான் என்பதைத் தோலாலேயே கேட்பது. அதற்காக இரண்டு இரண்டு பேராகக் கண்ணை மூடிக்கொண்டு, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி நிற்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஒரு நிமிடம் நிற்பதற்குள் கண்ணைத் திறந்துவிடுவேன்.

ஒருநாள் மாஸ்டர் சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு மெத்தைப் பலகைகளைப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். சிவப்பைக் காட்டினால் அடிக்க வேண்டும், நீலத்தைக் காட்டினால் கையை அசைக்கக் கூடாது. ஃபோனில் ஒருத்தி படம் எடுத்தாள். சிவப்பை எல்லாரையும்விட முந்தி அடித்தவள் நான். நீலத்தையும் முந்தி அடித்தவள் நான்தான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

"காணுறது ஒண்டு, முடிவெடுக்கிறது ஒண்டு, கை போறது ஒண்டு. மூண்டும் சேர்ந்ததுதான் வேகம், தங்கச்சி. நீங்க நடுவுல உள்ளதைப் பாய்ஞ்சு போறீங்க" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டு, என் கை புகை மாதிரி கலங்கித் தெரிவதை எல்லாருக்கும் காட்டினார். என் மனதில் நின்றது அந்தப் படம்தான். அவர் சொன்னது ஒரு காதால் வந்து மறு காதால் போய்விட்டது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, பதுளையிலிருந்து வந்த பஸ்ஸில் ஹாலிஎலயில் ஏறினேன். நிற்கக்கூட இடமில்லை. ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சீட்டுக்கு நடுவில் செருகின மாதிரி நின்றேன். தெமோதரைக்குக் கொஞ்சம் முன்னால் வளைவுகள் தொடங்கும் இடத்தில், இடுப்புக்குக் கீழே ஒரு கை வந்தது. பஸ் சாய்ந்ததால் தவறுதலாகப் பட்ட கை இல்லை. அது வந்தது, இருந்தது, அழுத்தியது.

நான் யோசிக்கவில்லை. திரும்பும்போதே கை போய்விட்டது. எத்தனையோ சனிக்கிழமைகளில் பழகின அதே அடி, நேர்த்தியாக, தளர்வாக. எனக்கு நேர் பின்னால் நின்றவரின் வாயில் போய் விழுந்தது. வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும், தோட்டத்து மனிதர், வெளுத்த சட்டை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. முன்பல் ஒன்று உடைந்தது.

அடி விழுந்து முடிந்த அதே கணத்தில் அவருடைய கைகளைப் பார்த்தேன். வலது கை மேல்கம்பியைப் பிடித்திருந்தது. இடது கை, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே போட்டுக் கொடுக்கும் பெரிய உறை ஒன்றை யாரும் நசுக்கிவிடாதபடி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தது. வாயில் ரத்தம் வந்தும் இரண்டையும் அவர் விடவில்லை. என்னைத் தொட்டிருக்க அவருக்கு மூன்றாவது கை வேண்டும்.

"நான் இல்லம்மா" என்றார்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "இவர் இல்லை", அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதற்குள் பஸ் முழுக்கக் கத்தத் தொடங்கியிருந்தது. "நல்லாக் குடுத்தீங்க தங்கச்சி!" என்றாள் ஒருத்தி. "வயசுக்கேத்த வேலையாடா பண்ற?" என்று ஒருவன் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்தான். கத்தினவர்களில் யாருடைய கை என்னைத் தொட்டதென்று எனக்குத் தெரியாது. சந்தேகம் ஒருவன் மேல் உண்டு, சொல்ல மாட்டேன். ஒருமுறை அவசரப்பட்டது போதும். கண்டக்டர் மணியடித்து, "பஹின்ட, பஹின்ட!" என்று சிங்களத்தில் இறங்கச் சொல்லி அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். தெமோதரையில் நடுவழியில் இறக்கிவிட்டார்கள். பஸ் கிளம்பியபோது அவர் உறையைத் தூக்கி, அதில் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். ஒரு பாட்டி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை. அத்தனை பேர் முன்னால் என் கை வேலை செய்துவிட்டது என்ற சந்தோஷம்.

யாரோ எடுத்த படம் அன்றைக்கே ஃபோன் ஃபோனாகப் பரவியது. அடி விழுந்தது அதில் இல்லை. ரத்த வாயோடு அவரைத் தள்ளிக்கொண்டு போவதும், முட்டியை மடக்கிக்கொண்டு நான் நிற்பதும்தான் இருந்தன. மாஸ்டர் அதை வகுப்பில் காட்டி, "இதுதான் குவா சொய்" என்றார். அடுத்த மாதம் புதிதாகப் பதினொரு பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். பாலர் பாடசாலைக்குப் பிள்ளையை விட வந்த தாய்மார் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "நல்லாப் பாத்துத்தானே அடிச்ச?" என்று கேட்டார். "பின்ன?" என்று எரிந்து விழுந்தேன்.

உண்மையைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு நல்ல நியாயம் கிடைத்தது. நான் தவறான ஆளை அடித்தேன் என்று தெரிந்தால், நாளைக்கு எந்தப் பெண் பஸ்ஸில் சத்தம் போட்டாலும், "அன்னைக்கி ஒருத்தி அடிச்சாளே, அந்த மாதிரித்தான்" என்பார்கள். இது பொய்யான நியாயம் இல்லை, அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மற்றப் பெண்களுக்காக நான் அதை யோசிக்கவில்லை, எனக்காக யோசித்தேன்.

மூன்று மாதம் இப்படியே போனது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பெண் பூனாகலைப் பக்கத்திலிருந்து வருபவள். ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, நீங்க அடிச்ச ஆளு எங்க பக்கத்து லயந்தான். படம் வந்தோடன எங்க தோட்டத்துல பெரிய பிரச்சினை. கடைசியில மாரியம்மன் கோயில்ல எல்லாரு முன்னாடியும் விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டாரு. செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாரு."

எனக்குச் சந்தோஷமான செய்தி சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். நான் வெட்கப்படுவது இதற்குத்தான்: அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒத்துக்கொண்டார் என்றால் அவராகவே இருக்கலாமோ? என் கண்தான் பிசகிவிட்டதோ? வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த இரண்டு கைகளையும் மனதுக்குள் கீழே இறக்கிப் பார்த்தேன். அவை இறங்கவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று ஒரு மனிதர் சாமி முன்னால் ஏன் சொல்ல வேண்டும்? இரவெல்லாம் அதே கேள்வி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பூனாகலைக்குக் கிளம்பினேன்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, லயத்து வாசலில் அவருடைய மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, மறு கையால் கொடியில் போட்டார். என்னைக் கண்டதும் நின்றார். படத்தில் பார்த்த முகம் என்று தெரிந்துவிட்டது. நான் பேசுவதற்கு முன்னால் அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"அவரு செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேம்மா. ஒங்கள மாதிரித்தான் எனக்கும் ஒரு மக இருக்கா. ஏன் அப்பிடிப் பண்ணினாருன்னு இன்னும் எனக்கு வெளங்கல."

அந்த வாசலிலேயே பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. அவர் என்னை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிளேன் டீ ஊற்றிக்கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

"அக்கா, அவரு என்னத் தொடல" என்றேன்.

"என்னாம்மா சொல்றீங்க?"

"ஒரு கையால மேல்கம்பியப் புடிச்சிருந்தாரு. மத்தக் கையில எக்ஸ்ரே கவர். தொட்டது வேற யாரோ. நான் பாக்காம அடிச்சிட்டேன்."

அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். பெட்டிக்கு மேலிருந்து அந்தப் பெரிய உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு மடிப்பு இல்லை.

"இது எனக்கு எடுத்தது. இடுப்புக்கு. வாங்கியாரப் போயிருந்தாரு. வாயெல்லாம் வீங்கி வந்து, இத மட்டும் பத்திரமாக் குடுத்தாரு. அதுக்குள்ள ஃபோன்ல படம் வந்திருச்சு. நான் வாங்கி அந்தப் பக்கம் வீசினேன்."

பிறகு கேட்டார்: "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

இந்த இடத்தில் பொய் சொல்ல எனக்கு வழி இருந்தது. பிறகுதான் யோசித்தேன், படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் விளங்கியது என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் சொல்லத் தீர்மானித்தும் இருந்தேன்.

"அப்பவே" என்றேன். "அடிச்ச ஒடனேயே."

அவருடைய முகம் மாறியது. அதுவரை இருந்த மரியாதை பேச்சிலிருந்து விழுந்துவிட்டது.

"அப்பவே தெரிஞ்சுமா நீ வாயத் தொறக்கல? கோயில்ல என்னா நடந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு? கூட்டம் போட்டு, செஞ்சியா இல்லையான்னு கேட்டாங்க. இல்லன்னா கற்பூரத்த அடிச்சு சத்தியம் பண்ணுன்னாங்க. அந்த மனுசன் சரின்னு கைய நீட்டிட்டாரு. கற்பூரம் எரியுது. நான்தான் ஓடிப்போய் அந்தக் கையப் புடிச்சேன்."

எங்கள் பக்கம் கற்பூரம் அடித்துச் செய்யும் சத்தியத்துக்கு மேல் ஒரு சாட்சி கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால், சொன்னது உண்மை. அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் அது செய்தவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பிடிக்கும் என்பது நம்பிக்கை.

"பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க, புள்ளைய நெனச்சுப் பாருங்கன்னு எல்லாரு முன்னாடியும் கத்தினேன். என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம் கைய எடுத்துட்டாரு. விழுந்து கும்பிட்டு, செஞ்சேன், மன்னிச்சிருங்கன்னாரு." உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "முப்பது வருசம் கூட இருந்த மனுசன நம்பாம, ஃபோன்ல வந்தத நம்பினேன். அன்னையிலருந்து நான் அவருக்குச் சோறு போடுறேன், மூஞ்சியப் பாக்குறதில்ல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அங்கே இரண்டையும் செய்தவள் நான். சுமந்தவர்கள் அவர்கள் இருவரும். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, அது நியாயம்தான்.

சற்று நேரத்தில் கணவர் விறகுக் கட்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் கட்டை இறக்கிவைத்துவிட்டு, "வாங்கம்மா, டீ குடிச்சீங்களா?" என்றார். பேசும்போது உடைந்த பல்லின் இடைவெளி தெரிந்தது.

"இந்தப் புள்ள சொல்லுது, நீங்க இல்லியாம்" என்றார் மனைவி, அவருடைய முகத்தைப் பார்த்து.

"அதத்தானே நானும் சொன்னேன்" என்றார் அவர்.

கோபமே இல்லாமல் சொன்னார். மனைவி சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து கணவரின் காலைத் தொடக் குனிந்தேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"கோயிலுக்கு வந்து எல்லாருகிட்டயும் சொல்றேன் ஐயா" என்றேன்.

"வேணாம்மா. இப்பத்தான் ஊர் வாய் கொஞ்சம் ஓஞ்சிருக்கு. மகளுக்கு வர்ற மாசம் தேதி வச்சாச்சு. இப்ப போய் அதக் கெளறினா, அப்ப ஏன் ஒத்துக்கிட்டேன்னு கேப்பாங்க. சாமி முன்னாடி பொய் சொன்னவன்னு ஆயிரும். இருக்கட்டும், விட்டுருங்க."

"விடக் கூடாது" என்றார் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "தேதி நின்னா நிக்கட்டும். வெள்ளிக்கிழமை பூசைக்கு மொத்தத் தோட்டமும் வரும். நீ வந்து சொல்லு. நான்தான் கையப் புடிச்சேன்னு நானும் சொல்றேன்."

அவர் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பாதை வளைவு வரை மனைவி என்னோடு கூடவே நடந்து வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"எங்கிட்ட சொன்னதோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிராத" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

நான் பாலர் பாடசாலைக்குப் போகிறேன், வருகிறேன். சனிக்கிழமை வகுப்புக்கும் போகிறேன். மாஸ்டரிடமும் இன்னும் சொல்லவில்லை. அடி வாங்கினவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே, ஒரு பெண்ணின் கல்யாணம் அல்லவா, நான் போய் நின்றால் அதற்கும் ஒரு பழி வந்து சேருமே என்று ஒவ்வொரு நாளும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இதுவும் நல்ல நியாயம்தான். எனக்கு நல்ல நியாயங்களுக்குப் பஞ்சமே இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை நல்ல மழை. பூனாகலைப் பாதையில் மண் சரியும் என்று பயந்து நின்றுவிட்டேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை மழையும் இல்லை.